குழாய் ஒட்டின் அடியோட்டம்: திருகோணமலைத் துறைமுகச் சூழலில் ஒரு தொழில்நுட்ப விளக்கம்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு இதுவரை பெரும்பாலும் கொடிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் அக்குடாவுக்காகப் பொருதியமையும், 1957 இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டமையும் நன்கு அறியப்பட்டவை. அத்துறைமுகத்தை இயங்கச் செய்த இரும்புவேலை பற்றியும் அதனைச் செய்தோரின் கைத்திறன் பற்றியும் நமது ஆய்வுலகு பேசியது மிகக் குறைவு. உழைப்பு என்ற கருத்தாக்கம் குறித்துப் பக்கம் பக்கமாக எழுதும் நாம் (எம்மையும் சேர்த்தே கூறுகின்றோம்), குறிப்பிட்ட ஓர் உழைப்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதை விளக்கப் பெரும்பாலும் முற்படுவதில்லை. குழாய்களை வெல்டிங் கம்பியால் உருக்கி ஒட்டும்போது இடப்படும் முதலாவது ஓட்டத்தை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திற் பிரித்தானியர் தமது கடற்படையின் எரிபொருட் தேவைக்காக இவற்றை எழுப்பினர். 1942 ஏப்பிரல் 9 ஆம் திகதி நிகழ்ந்த ஜப்பானிய விமானத் தாக்குதலின்போது குதமொன்று எரிந்தழிந்தது. இன்று கணக்கிலுள்ளவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளத்தக்கது. 2022 ஜனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்திடமும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், எஞ்சிய 61 இவ்விரண்டும் பங்குகொள்ளும் கம்பனியிடமும் விடப்பட்டன. 2025 ஏப்பிரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது குறித்து இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் புரிந்துணர்வு உடன்படிக்கையொன்றிற் கைச்சாத்திட்டன.

குதங்கள் யாருடையவை என்பது பற்றிய விவாதம் தேவையான ஒன்றே. எனினும் குழாயற்ற குதம் வெறும் தகரப் பாத்திரம். இறங்குதுறையிலிருந்து குதத்திற்கும், குதத்திலிருந்து பவுசர் நிரப்புமிடத்திற்கும் குழாய்கள் ஓடவேண்டும். 12 மீற்றர் நீளத் துண்டுகளை இணைத்துச் செல்லும்போது ஒரு கிலோமீற்றருக்கு 83 மூட்டுக்கள் வரையில் வரும். 12 அங்குலக் குழாயாயின் அதன் வெளிச்சுற்றளவு ஏறத்தாழ ஒரு மீற்றர். எனவே கிலோமீற்றர் ஒன்றுக்கு எண்பது மீற்றருக்கு மேற்பட்ட அடியோட்டத்தை யாரோ ஒருவர் இட்டாக வேண்டும். நீண்ட வழிகளில் இயந்திரங்கள் இதனைச் செய்வதுண்டு. பழைய குழாய்களைத் திருத்துமிடத்தும் ஒடுங்கிய மூலைகளிலும் இன்றும் கையும் கம்பியுமே.

இரு குழாய்களின் முனைகளும் சரிவாகச் சீவப்பட்டு எதிரெதிராக வைக்கப்படுகையில் இடையே ஒரு பள்ளம் தோன்றுகின்றது. அதனைப் படைபடையாக உலோகத்தால் நிரப்புவதே குழாய் ஒட்டு. பள்ளத்தின் அடியில் இடப்படும் முதற்படையைத் தொழிலாளர் 'ரூட்' என்பர். யாம் அடியோட்டம் என்று வழங்குகின்றோம். மேலே வரும் படைகளிற் பிழை நேர்ந்தால் கண்ணாற் காணலாம், கிரைண்டரால் அகற்றலாம். அடியோட்டத்தின் மறுபக்கமோ குழாயின் உள்ளே இருக்கின்றது. எண்ணெயும் நீரும் உராய்ந்து செல்வதும், அரிப்பும் வெடிப்பும் பெரும்பாலும் தொடங்குவதும் அப்பக்கத்திலேயே. அதாவது, ஒட்டுபவர் தாம் செய்யும் வேலையின் முக்கியமான முகத்தைக் காணாமலே அதனைச் செய்கின்றார். இவ்வேலையின் நுட்பங்கள் யாவும் இந்த ஒரு நிலைமையிலிருந்தே பிறக்கின்றன.

அடியோட்டத்தைத் திருத்த விரும்பும் பயிலுநர் கையசைவைத் திருத்துவதிலேயே கவனஞ் செலுத்துவது வழக்கம். ஆயின் தவறுகளிற் பெரும்பாலானவை மின்வில் பற்றுவதற்கு முன்னரே உருவாகிவிடுகின்றன. குழாய் முனைகள் ஒவ்வொன்றும் 30 முதல் 37½ பாகை வரை சரிவாகச் சீவப்படுகின்றன. சரிவு கத்திமுனைபோல் முடிந்தால் அது உடனே உருகி ஓடிவிடும். ஆகவே அடியில் ஏறத்தாழ 1.6 மில்லிமீற்றர் தடிப்பில் தட்டையான விளிம்பொன்று விடப்படும். இரு விளிம்புகளுக்குமிடையே 2.4 முதல் 3.2 மில்லிமீற்றர் வரை இடைவெளி வேண்டும். கம்பியின் உட்கம்பியையே வளைத்து இடையிற் செருகி இடைவெளியைச் சமப்படுத்துவது பட்டறைகளின் பழைய உபாயம், மலிவானதும் நம்பகமானதுமாகும். இரு குழாய்களின் உட்சுவர்களும் ஒரே மட்டத்தில் நிற்றல் வேண்டும். ஒருபுறம் ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் ஏறியிறங்கி நின்றால், எத்துணைத் தேர்ந்த கையும் உயர்ந்த பக்கத்து விளிம்பை உருக்கித் தாழ்ந்த பக்கத்தைத் தவறவிடும், அல்லது மாறாக நிகழும்.

பின்னர், குழாய் அசையாதிருக்க 'டக்' எனப்படும் தற்காலிக ஒட்டுக்கள் நான்கு இடப்படும். இவை தற்காலிகமானவை என்ற எண்ணமே ஒரு மயக்கம். அவை வெட்டி அகற்றப்படாவிடின் அடியோட்டத்தின் பகுதியாகவே நிலைத்துவிடுகின்றன. ஒவ்வொரு டக்கின் இரு முனைகளும் கிரைண்டரால் இறகுபோல் மெல்லிதாகச் சீவப்பட்டால்தான் வந்துசேரும் ஓட்டம் அதனுடன் உருகிக் கலக்கும். தடித்த முனையில் மோதும் ஓட்டம் மேலே ஏறிக் கடந்துவிடும். உள்ளே ஒட்டாத ஒரு பிளவு எஞ்சும்.

பெரிய வேலைத்தளங்களிற் குழாயைப் பொருத்துபவர் ஒருவர், ஒட்டுபவர் வேறொருவர். பொருத்துபவருக்கு அளிக்கப்படும் நேரத்தை நிர்ணயிப்பவர் மூன்றாமவர். எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஒட்டாத அடி கரிய கோடாகத் தெரியும்போது அம்மூட்டின் அருகே எழுதப்பட்டிருப்பது ஒட்டியவரின் இலக்கமே. இடைவெளி ஒருபுறம் நான்கும் மறுபுறம் ஒன்றுமாக இருந்தமையை அப்படம் சொல்வதில்லை. அனுபவமுள்ள ஒட்டுநர் கோணலாகப் பொருத்தப்பட்ட மூட்டைத் தொட மறுத்து மேற்பார்வையாளரை அழைப்பார். நாட்கூலிக்கு நிற்பவர் மறுப்பது எளிதன்று. அடியோட்டத்தைத் திருத்துதல் என்பது இவ்வகையில் மறுக்கும் உரிமையுடனும் தொடர்புடையதாகின்றது.

இத்தகைய பழிசுமத்தலுக்கு ஒரு பெரிய வரலாற்று உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஐக்கிய அமெரிக்காவில் 'லிபேட்டி' வகைச் சரக்குக் கப்பல்கள் 2,700 க்கு மேல் கட்டப்பட்டன. தறையாணி அறையும் பழைய முறைக்குப் பதிலாக வெல்டிங் பெருமளவிற் புகுத்தப்பட்டது. புதிதாகப் பயிற்றப்பட்டவர்கள், அவர்களுள் பெருந்தொகையான பெண்கள், அவ்வேலையைச் செய்தனர். 1943 ஜனவரியில் 'ஸ்கெனெக்ரடி' என்ற எண்ணெய்க் கப்பல் போர்ட்லண்ட் துறையில் அமைதியான நீரிற் கிடந்தபடியே ஏறத்தாழ இரண்டாகப் பிளந்தது. வேறு சில கப்பல்களும் வெடித்தன. பழுதான ஒட்டே காரணம் என்ற பேச்சு முதலில் மேலோங்கியது. பழுதான ஒட்டுக்கள் இருந்தமையும் உண்மையே. ஆயினும் குளிரில் நொறுங்கும் தன்மை கொண்ட உருக்கும், கப்பற்றட்டின் துவாரங்களுக்குக் கூர்மையான மூலைகளை வைத்த வடிவமைப்பும் முதன்மைக் காரணங்கள் எனப் பிந்திய ஆய்வுகள் தெளிவுபடுத்தின. அவ்வுருக்கின் நொறுங்குதன்மையை ஆராய்ந்தவர்களுள் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கொன்ஸ்ரன்ஸ் ரிப்பர் முக்கியமானவர். கைகளை நோக்கிச் சுட்டிய விரல் பொருளையும் திட்டத்தையும் நோக்கித் திரும்பச் சில ஆண்டுகள் வேண்டியிருந்தன.

இனிக் கையசைவுக்கு வருவோம். குழாயின் அடியோட்டத்திற்குப் பெரிதும் விரும்பப்படுவது 6010 என்ற இலக்கமுடைய கம்பி. அதன் பூச்சில் செலுலோசு மிகுதி. அது எரிந்து எழும் வாயு மின்வில்லை ஆழச் செலுத்துகின்றது. கசடு மெல்லியது, உருகிய உலோகம் விரைவில் உறையும். நேரோட்ட மின்னில், பொதுவாகக் கம்பியை நேர்முனையில் இணைத்து இது பயன்படுத்தப்படும். 3.2 மில்லிமீற்றர்க் கம்பிக்கு, கீழிருந்து மேலே செல்லும் அடியோட்டத்தில், ஏறத்தாழ 70 முதல் 90 அம்பியர் போதியது.

மின்வில் இடைவெளியைத் துளைத்ததும் கம்பியின் முன்னே சிறு துவாரமொன்று தோன்றும். தொழிலாளர் அதனைக் 'கீஹோல்' என்பர். இரு விளிம்புகளும் உருகுகின்றன என்பதற்கு அதுவே கண்முன் உள்ள சான்று. கம்பியின் பருமனிலும் சற்றே பெரிதாக அதனை வைத்திருப்பதிற்றான் கலை முழுவதும் அடங்கியுள்ளது. கம்பியின் நுனியை ஒரு கம்பிப் பருமன் அளவு முன்னே வீசி, உருகிய குளம் சற்று உறைய விட்டு, மீண்டும் துவாரத்தின் விளிம்புக்கு வந்து ஒரு கணம் நிறுத்தவேண்டும். துவாரம் விரியத் தொடங்கினால் வெப்பம் மிகுந்துவிட்டது. வீச்சை நீட்டவேண்டும், விரைவைக் கூட்டவேண்டும், அதுவும் போதாதாயின் நிறுத்தி அம்பியரைக் குறைக்கவேண்டும். துவாரம் ஒடுங்கினால் வீச்சைக் குறைத்துக் கம்பியை உள்ளே அழுத்திச் சற்றுக் கூடுதலாக நிறுத்தவேண்டும். ஒடுங்கிய துவாரத்துடன் முன்னேறுவதே புதியவர்களின் மிகப் பொதுவான பிழை. வெளியே ஓட்டம் அழகாகத் தெரியும். உள்ளே அடி ஒட்டியிராது.

கண்ணுக்கு அடுத்தது செவி. மின்வில்லின் ஒரு பகுதி குழாயினுள்ளே எரியும்போது வெளியே கேட்கும் வெடுவெடுப்புடன் உள்ளிருந்து குடத்துள் ஊதுவதுபோன்ற ஓசையொன்று கலந்து வரும். துறைமுகத்தை அண்டிய பட்டறையொன்றில் நாம் நின்றிருந்தபோது மூத்த ஒட்டுநர் ஒருவர் முகமூடியைத் தூக்காமலே, "சேர், உள்ளுக்கை ஊதுற சத்தம் கேக்குதா? அது நிண்டா ரூட் போச்சு" என்றார். எமக்கு முதலில் ஒன்றும் பிரித்தறிய முடியவில்லை. மூன்றாவது கம்பி எரியும்போது கேட்டது.

நிலையாக நிற்கும் குழாயைச் சுற்றிச் செல்லும் கை ஒவ்வோரிடத்திலும் வேறொரு ஈர்ப்புக்கு முகங்கொடுக்கின்றது. இடத்தைக் கடிகார மணிகளால் குறிப்பது உலகெங்குமுள்ள வழக்கம். ஆறு மணியில், அதாவது குழாயின் அடியில், உருகிய உலோகம் ஒட்டுபவரை நோக்கித் தொங்கும், உட்பக்கம் குழிவாகிவிடும். அங்கு மின்வில்லைக் குறுக்கிக் கம்பியை இடைவெளிக்குள் நன்கு தள்ளிவைத்தல் வேண்டும். மூன்று மணி, ஒன்பது மணிப் பகுதிகளில் வேலை இலகு. பன்னிரண்டை நெருங்கும்போது குழாய் முழுவதும் சூடேறியிருக்கும். ஈர்ப்பும் உலோகத்தை உள்ளே இழுக்கும். அங்கு விரைவைக் கூட்டாதவரின் அடியோட்டம் குழாயினுள்ளே துளித்துளியாகத் தொங்கி எண்ணெயின் வழியை மறிக்கும். கம்பி எங்கும் குழாயின் மையத்தை நோக்கியே இருத்தல் வேண்டும் என்பதால், உடல் முழுவதும் வளைந்து திரும்பவேண்டியுள்ளது. முழங்கையை எங்கே ஊன்றுவது, எந்த நிலையில் மூச்சை விடுவது என்பனவெல்லாம் ஒட்டத் தொடங்குமுன்னர் ஒருமுறை வெறுங்கம்பியால் ஒத்திகை பார்க்கப்படவேண்டியவை.

கம்பி தீரும் ஒவ்வோரிடமும் ஆபத்தான இடமே. நிறுத்துமிடத்தில் துவாரத்தைத் திறந்தபடி விட்டு, முனையைக் கிரைண்டரால் சீவி, அடுத்த கம்பியைச் சற்றுப் பின்னே பற்றவைத்துச் சூடேற்றியபின் துவாரத்துக்குள் அழுத்தித் தொடரவேண்டும். இச்சீவலுக்குச் செல்லும் ஒன்றிரண்டு நிமிடங்களே அவசர வேலையில் முதலிற் பறிபோகின்றன.

கடற்கரை தனக்கே உரிய இடர்களையும் தருகின்றது. நீண்ட குழாயின் திறந்த முனையாற் புகும் காற்று கீஹோலின் வழியே வீசி மின்வில்லைக் குலைக்கும். முனையைச் சாக்கினாலோ பலகையாலோ அடைத்தல் எளிய பரிகாரம். வாடைக்காலத்து ஈரம் கம்பிகளைப் பாதிப்பது வேறுவகை. மேற்படைகளுக்குப் பயன்படும் 7018 கம்பி ஈரத்தை உறிஞ்சினால் ஐதரசன் உலோகத்திற் புகுந்து வெடிப்பு உண்டாகும். ஆகவே அது சூட்டுப்பெட்டியில் வைக்கப்படவேண்டும். அதே பெட்டியில் 6010 ஐயும் வைப்பவர் அதனைப் பாழாக்குகின்றார். அதன் செலுலோசுப் பூச்சுக்கு ஓரளவு ஈரப்பதன் இருந்தே ஆகவேண்டும். உலர்ந்தால் மின்வில் வலுவிழக்கும். கம்பி எல்லாவற்றையும் உலர வைப்பதே நன்று என்ற பொதுவிதி இங்கு பொய்க்கின்றது.

பயிற்சி பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். படலையும் யன்னற் கிரில்லும் ஒட்டும் சிறு பட்டறைகளில் வழங்குவது 6013 கம்பி. ஆழம் குறைந்த அதன் மின்வில் திறந்த அடிக்கு ஏற்றதன்று. மாறோட்ட மின்னில் இயங்கும் சாதாரண இயந்திரம் 6010 ஐ எரிக்காது. மலிவான இன்வேட்டர் வகைகள் பலவற்றிலும் அது அடிக்கடி அணைந்துவிடும். மாறோட்டத்திற்கென அமைந்த 6011 ஓரளவு மாற்றாகும். தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்ற இளைஞனும் சொந்தமாகப் பழக வேண்டுமாயின் நேரோட்ட இயந்திரமும் குழாய்த் துண்டுகளும் தேவை. குழாய்த் துண்டுகள் விலைக்குரியவை. ஒருமுறை ஒட்டியதை வெட்டிச் சீவி மீண்டும் பயன்படுத்தினாலும் சில தடவைகளில் தீர்ந்துவிடும். வளைகுடா நாடுகளின் வேலைக்குத் தேர்வெழுதச் செல்பவர்களுட் பலர் இந்த ஏற்பாடற்ற பயிற்சியுடனேயே செல்கின்றனர்.

மொழி பற்றிய குறிப்பும் தவிர்க்கவியலாதது. சங்கப் பாடல்களில் உலைக்களத்துக் கொல்லனும் அவன் துருத்தியும் உவமையாகின்றன. மூதூரின் வ. அ. இராசரத்தினம் 'தோணி' கதையிற் கடற்றொழிலாளர் வாழ்வை எழுத்தாக்கினார். குழாய் ஒட்டுநரின் சொற்களோ பட்டறைச் சுவர்களுக்குள்ளேயே நிற்கின்றன. ரூட், டக், கீஹோல் ஆகியவற்றை அகற்றித் தூய சொற்களை இடுவது எமது நோக்கமன்று. அடியோட்டம் என்ற சொல்லைக்கூட ஒட்டுநர்கள் ஏற்காவிடிற் கைவிடுவோம். வேண்டுவது, அவர்கள் அறிந்ததை அவர்கள் சொற்களுடனேயே எழுதிவைத்தல்.

அடியோட்டம் முடிந்ததும் அதன் வெளிமுதுகு கிரைண்டராற் சமப்படுத்தப்பட்டு, இருபுறமும் ஒளிந்துள்ள கசடு அகற்றப்படும். குழாய் ஆறுமுன்னர் சற்றுக் கூடிய அம்பியரில் இரண்டாவது ஓட்டம் இடப்படும். தேர்வுக் குழாயாயின் அதன்பின் படைகளை நிரப்பி, ஒட்டுக்குக் குறுக்கே நான்கு பட்டைகள் வெட்டப்படுகின்றன. 45 பாகை சாய்த்து நிறுத்திய குழாயில் நிகழும் '6ஜி' தேர்வில், சுவர் தடித்ததாயிராவிடின், அவற்றுள் இரண்டு அடிப்பக்கம் வெளியே தெரியுமாறு வளைக்கப்படும். குழாயினுள்ளே மறைந்திருந்த முகம் அப்போதுதான் முதன்முறையாக வெளிச்சத்துக்கு வருகின்றது. அதில் 3 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பிளவு காணப்பட்டால் ஒட்டியவர் தோற்றவராவார்.