15 ஷில்லிங்கில் உடைந்த இசைக்குழு

நண்பர்கள் ஒன்றுகூடித் தொடங்கும் முயற்சிகள் பல வகை. குடியிருப்புப் பகுதியின் கிரிக்கெட் அணி, கோயில் பஜனைக் குழு, கல்லூரி மாணவர்களின் இசைக்குழு, நான்கு குடும்பத்தினர் சேர்ந்து நடத்தும் சிற்றுண்டி விற்பனை என அவை எங்கும் காணப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை எழுத்து வடிவிலான ஒப்பந்தம் ஏதுமின்றி, ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையில் தொடங்குகின்றன. தொடங்கும் நாளில் யாரும் கணக்கைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் அது நட்புக்கு இழுக்கு என்றுகூட எண்ணுகிறோம்.

பேசாமல் விட்ட கணக்கு, பின்னொரு நாளில் மிகச் சிறிய தொகையின் வடிவில் வந்து நிற்பதுண்டு. அப்போது என்ன நேரும் என்பதற்கு, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 1950களின் பிற்பகுதியில் இயங்கிய ஓர் இளைஞர் இசைக்குழுவின் வரலாறு தக்க சான்றாகும். அக்குழுவின் பெயர் குவாரிமென். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பீட்டில்ஸ் குழு அதிலிருந்தே உருவாயிற்று. புகழ் வந்தபின் நடந்தவற்றைப் பலரும் அறிவர். கையில் காசில்லாத பள்ளிப் பிள்ளைகளாக அவர்கள் இருந்த காலத்தின் வரவு செலவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மலிவாகத் தொடங்கிய இசை

1956ஆம் ஆண்டில் பிரிட்டன் முழுவதும் ஸ்கிஃபிள் என்னும் எளிய இசைவகை பரவியது. லோனி டோனகன் என்ற பாடகர் அதற்கு வழிகாட்டியாக விளங்கினார். இளைஞர்களை அது ஈர்த்ததற்கு முதற்காரணம் அதன் மலிவு. விலை குறைந்த கிதார் ஒன்றிருந்தால் போதும். துணி துவைக்கும் நெளிதகட்டுப் பலகையை விரலுறை அணிந்து தேய்த்தால் தாளம் கிடைத்துவிடும். காலியான தேயிலைப் பெட்டியில் ஒரு துடைப்பக் கழியை நிறுத்தி, கயிறு கட்டி மீட்டினால் அதுவே அடிநாதக் கருவி.

லிவர்பூலின் குவாரி பேங்க் பள்ளியில் பயின்ற ஜான் லெனன், தம் பள்ளித் தோழர்களான பீட் ஷாட்டன், எரிக் கிரிஃபித்ஸ், ராட் டேவிஸ் முதலானோருடன் அந்த ஆண்டிலேயே குழுவை அமைத்தார். பள்ளியின் பெயரே குழுவின் பெயருக்கும் அடிப்படையாயிற்று. டிரம் வாசிக்க வந்தவர் காலின் ஹேண்டன். குழுவினரில் பெரும்பாலோர் மாணவர்களாக இருக்க, அவரோ இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிலைப் பயிலுநராகக் கற்றுவந்தார். டிரம் தொகுதியைத் தவணை முறையில் வாங்கி, தம் சிறிய ஊதியத்திலிருந்து தவணைகளைச் செலுத்தினார். ஆக, குழுவின் மிகப் பெரிய கருவிக்கான கடன் ஒரே உறுப்பினரின் தோளில் இருந்தது. அது குழுவின் செலவா, அவருடைய சொந்தச் செலவா என்ற கேள்வியை அன்று யாரும் எழுப்பவில்லை.

வருவோரும் போவோரும்

1957ஆம் ஆண்டின் கோடையில் அவர்களுக்கு நிகழ்ச்சிகள் அமையத் தொடங்கின. ஜூன் மாதம் ரோஸ்பரி தெருவில் நடந்த கொண்டாட்டத்தில் நின்றிருந்த லாரி ஒன்றின்மேல் ஏறி வாசித்தனர். அங்கிருந்த முரட்டு இளைஞர் சிலர் தாக்கக்கூடும் என்ற அச்சத்தால் அருகிலிருந்த வீட்டில் ஒதுங்கி, காவலர் ஒருவர் துணைவரப் பேருந்து நிறுத்தத்தை அடைந்தனர். ஜூலை 6 அன்று வூல்டன் பகுதியின் புனித பீட்டர் தேவாலயத் திருவிழாவில் வாசித்தபோதுதான், ஐவன் வான் என்ற நண்பர் 15 வயது பால் மெக்கார்ட்னியை லெனனுக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

ஆகஸ்டில் கேவர்ன் அரங்கில் வாய்ப்புக் கிடைத்தது. அது அப்போது ஜாஸ் இசைக்கான இடம். லெனன் அங்கே ராக் பாடல்களைத் தொடங்கவே, அவற்றை நிறுத்துமாறு அரங்க உரிமையாளரிடமிருந்து மேடைக்குச் சீட்டு வந்தது. அக்டோபர் 18 அன்று நியூ கிளப்மூர் மண்டபத்தில் மெக்கார்ட்னி முதன்முறையாகக் குழுவுடன் மேடையேறினார். தனியாக வாசிக்க வேண்டிய கிதார்ப் பகுதியில் தடுமாறி, தாம் முதன்மைக் கிதார்க் கலைஞராக நிலைக்க முடியாது என்பதை உணர்ந்தார்.

அதற்குள் ஆட்கள் மாறத் தொடங்கியிருந்தனர். ஒரு விருந்தில் லெனன் விளையாட்டாக நெளிதகட்டுப் பலகையை ஷாட்டனின் தலையில் அடித்து உடைத்தார். விலக விரும்பிய ஷாட்டனுக்கு அதுவே போதுமான காரணமாயிற்று. ஸ்கிஃபிளிலிருந்து ராக் இசைக்குக் குழு நகர்ந்தபோது, பேஞ்சோ வாசித்த ராட் டேவிசுக்கு வேலையில்லாமல் போயிற்று. தேயிலைப் பெட்டியை மீட்டிய லென் கேரி மூளைக்காய்ச்சலால் பல மாதங்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. அவர் திரும்பி வருவதற்குள் அந்தக் கருவிக்கே குழுவில் இடமில்லாமல் போய்விட்டது.

1958இன் தொடக்கத்தில் ஜார்ஜ் ஹாரிசன் சேர்ந்தார். அவருக்கு அப்போது 15 வயதுகூட முழுமையாகவில்லை. கிதார் வாசிப்போர் நால்வராகிவிடவே, எரிக் கிரிஃபித்ஸ் மின் அடிநாதக் கிதாரும் ஒலிபெருக்கியும் வாங்கிக்கொண்டால் தொடரலாம் என்று கூறப்பட்டது. அந்த விலை அவருக்கு எட்டாதது. அதன்பின் ஒரு பயிற்சிக்கு அவரை அழைக்காமலே விட்டனர். குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான கிரிஃபித்ஸ் வணிகக் கப்பல் பணியில் சேர்ந்தார். மெக்கார்ட்னியின் பள்ளித் தோழர் டஃப் லோ பியானோ வாசிக்க வந்தார். அவருடைய வீடு தொலைவில் இருந்ததால், கடைசிப் பேருந்தைப் பிடிப்பதற்காக நிகழ்ச்சியின் நடுவிலேயே எழுந்து செல்வதும் உண்டு.

விலகியவர்களின் பட்டியலை ஒரு வணிகவியல் மாணவரின் கண்ணால் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கிரிஃபித்சுக்கு இசை ஆர்வம் குறையவில்லை. புதிய முதலீட்டைக் கோரிய குழு, அதைச் செய்ய இயலாதவருக்கு வேறு வழி எதையும் யோசிக்கவில்லை. தவணையிலோ, நிகழ்ச்சி வருமானத்திலிருந்து சிறிது சிறிதாகவோ கருவியைப் பொதுவில் வாங்கியிருக்கலாம். பொதுப்பணம் என்ற ஒன்றே அவர்களிடம் இருக்கவில்லை.

ஒரே ஓர் இசைத்தட்டு

1958ஆம் ஆண்டில் லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன், லோ, ஹேண்டன் ஆகிய ஐவரும் கையிலிருந்த காசைத் திரட்டி, பெர்சி ஃபிலிப்ஸ் என்பவர் தம் வீட்டில் நடத்திவந்த சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில் இரு பாடல்களைப் பதிவுசெய்தனர். கட்டணம் ஒரு பவுண்டைக்கூட எட்டவில்லை. அந்தப் பணத்துக்குக் கிடைத்தது ஒரே ஓர் இசைத்தட்டு. உரிமையாளரோ ஐவர். எனவே ஒவ்வொருவரும் சில நாள் வைத்திருந்து அடுத்தவரிடம் கொடுப்பது என்று முடிவாயிற்று. தட்டு சுற்றிச் சுற்றி டஃப் லோவிடம் வந்து, அங்கேயே 20 ஆண்டுகளுக்கு மேல் தங்கிவிட்டது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை. 1981இல் மெக்கார்ட்னி அதை லோவிடமிருந்து விலை கொடுத்து வாங்கினார். ஒருகாலத்தில் தாமும் பங்களித்து உருவாக்கிய பொருளுக்கு அவர் இரண்டாம் முறை விலை தந்தார் என்றே சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு ஜூலை 15 அன்று லெனனின் தாயார் ஜூலியா சாலை விபத்தில் இறந்தார். மகனுக்கு முதன்முதலில் பேஞ்சோ வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவரே. அதன்பின் நிகழ்ச்சிகள் அருகின. பேருந்துப் பணியாளர் மன்றம் ஒன்றில் நடந்த நிகழ்ச்சியில் முதற்பகுதி நன்றாக அமைந்தது. இடைவேளையில் குடித்துவிட்டு வந்ததால் இரண்டாம் பகுதி சீரழிந்தது. திரும்பும் வழியில் பேருந்திலேயே சண்டை மூண்டது. ஹேண்டன் தம் டிரம் தொகுதியுடன் இறங்கிச் சென்றவர் பிறகு குழுவுக்குத் திரும்பவில்லை. கருவி அவருடையது, அவர் போனபோது தாளமும் உடன் போயிற்று.

3 பவுண்டின் நான்கு பங்குகள்

1959 ஆகஸ்ட் 29 அன்று லிவர்பூலின் வெஸ்ட் டெர்பி பகுதியில், மோனா பெஸ்ட் என்ற பெண்மணி தம் வீட்டின் நிலவறையில் காஸ்பா என்னும் காபி மன்றத்தைத் திறந்தார். அவர் டெல்லியில் பிறந்தவர். அவருடைய மகன் பீட் பெஸ்ட் 1941இல் நம் சென்னையில், அன்றைய மெட்ராசில், பிறந்தார். நகைகளை அடகு வைத்துக் குதிரைப் பந்தயத்தில் கட்டி, அதில் வென்ற பணத்தில்தான் மோனா அந்தப் பெரிய வீட்டை வாங்கினார் என்று அக்குடும்பத்தார் கூறிவருகின்றனர்.

திறப்பு விழாவில் வாசிக்க வேண்டிய வேறொரு குழு கடைசி நேரத்தில் உடைந்தது. அக்குழுவில் இருந்த ஹாரிசனும் கென் பிரவுனும், லெனனையும் மெக்கார்ட்னியையும் சேர்த்துக்கொண்டு, டிரம் இல்லாமலே குவாரிமென் என்ற பெயரில் வாசித்தனர். ஓர் இரவுக்கு ஊதியம் 3 பவுண்டு. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்ற அன்றைய கணக்கில், நால்வருக்கும் தலைக்கு 15 ஷில்லிங்.

அக்டோபர் 10 அன்று கென் பிரவுன் உடல்நலமின்றி இருந்தார். அவரை மேடையேற விடாமல் நுழைவாயிலைக் கவனித்துக்கொள்ளுமாறு மோனா கூறினார். இரவின் முடிவில் வழக்கம்போல நால்வருக்கும் 15 ஷில்லிங் வீதம் வழங்கினார். வாசிக்காதவருக்கு ஏன் பங்கு என்று மற்ற மூவரும் கேட்டனர். மோனா தம் முடிவை மாற்றவில்லை. மூவரும் மன்றத்தைவிட்டு வெளியேறினர். பிரவுனுடனான உறவு அத்துடன் முடிந்தது.

கென் பிரவுன் பின்னர் பீட் பெஸ்டுடன் சேர்ந்து வேறொரு குழுவை அமைத்து அதே காஸ்பாவில் வாசித்தார். 1960 ஆகஸ்டில், பீட்டில்ஸ் என்று பெயர் மாறியிருந்த பழைய குழுவுக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாசிக்க வாய்ப்பு வந்தது. உடனடியாக ஒரு டிரம் கலைஞர் தேவைப்பட்டார். அவர்கள் நாடிச் சென்றது 15 ஷில்லிங்குக்காகத் தாங்கள் வெளியேறிய அதே வீட்டின் பிள்ளையான பீட் பெஸ்டைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்த 15 ஷில்லிங் யாருக்குச் சேர வேண்டும்? மோனாவின் பக்கம் நியாயம் உண்டு: நோய் ஒருவர் விரும்பி அழைப்பதன்று, கென் வாயிற்பணியும் பார்த்தார். மூவரின் பக்கமும் நியாயம் உண்டு: நால்வரின் இசையை அன்று மூவரே தாங்கினர்.

அவர்களைக் கூட்டாளிகளாகக் கொண்டால், விடை நம் சட்டத்திலேயே இருக்கிறது. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932இன் 13ஆம் பிரிவின்படி, கூட்டாளிகளிடையே வேறு ஒப்பந்தம் இல்லாதவரை இலாபத்தில் அனைவருக்கும் சம பங்கு; நட்டத்திலும் அவ்வாறே. தொழிலில் உழைத்தமைக்காகத் தனி ஊதியம் கோரவும் எவருக்கும் உரிமையில்லை. இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டமும் இதே நெறியைக் கொண்டது. அறிந்தோ அறியாமலோ, மோனா செய்தது இந்தப் பொதுவிதிக்கு ஒத்ததாகும்.

இங்கே கவனிக்க வேண்டிய சொற்கள் 'வேறு ஒப்பந்தம் இல்லாதவரை' என்பனவே. வாசிப்பவருக்கே பங்கு என்று அவர்கள் முன்னரே பேசியிருந்தால் அதுவும் செல்லும். நோயுற்றவருக்குப் பாதி என்று முடிவுசெய்திருந்தாலும் செல்லும். நாம் பேசாமல் விட்ட இடத்தைச் சட்டம் தன் விதியால் நிரப்புகிறது. அவ்விதி நம் மனத்திலிருந்த விதியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

முன்கூட்டிப் பேச வேண்டியவை

இத்தகைய முயற்சியில் இறங்கும் வாடிக்கையாளர்கள், முதல் வருமானம் கைக்கு வருவதற்கு முன்பே நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்வது நலம். ஒருவர் நோயுற்றாலோ வர இயலாவிட்டாலோ அவருடைய பங்கு என்ன? பொதுப் பயனுக்காக வாங்கும் கருவி அல்லது பொருள் யாருக்கு உரியது, அதன் தவணையை யார் செலுத்துவது? புதிய முதலீடு தேவைப்படும்போது இயலாதவருக்கு என்ன ஏற்பாடு? விலகுபவர் எதை எடுத்துச் செல்லலாம், எதை விட்டுச் செல்ல வேண்டும்? ஒரு பக்கத் தாளில் இவற்றை எழுதி அனைவரும் கையொப்பமிட்டால் போதும்.

பொதுப்பணத்தை ஒரு நண்பரின் சொந்தச் சேமிப்புக் கணக்கில் வைப்பது பரவலான வழக்கம். அந்த நண்பர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், வங்கிப் பதிவேட்டில் அது அவருடைய பணமே. அவருக்கு எதிர்பாராது ஏதேனும் நேர்ந்தால், அவர் நியமித்தவரிடமோ வாரிசுகளிடமோதான் வங்கி அதை ஒப்படைக்கும். குழுவின் பெயரிலேயே கணக்குத் தொடங்கி, இருவர் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று ஏற்பாடு செய்துகொள்வது பாதுகாப்பானது. இதற்கு வேண்டிய தீர்மானத்தின் வாசகத்தையும், கையொப்பமிடுவோரின் கேஒய்சி ஆவணங்கள் பற்றிய விவரத்தையும் கிளையில் கேட்டுப் பெறலாம்.

லிவர்பூல் இளைஞர்களில் எவரும் தீயவர் அல்லர். 15 ஷில்லிங்குக்காக அவர்கள் பேராசை கொண்டனர் என்பதும் பொருந்தாது. நோயுற்ற ஒருவரை அருகில் நிறுத்திக்கொண்டு அவருடைய பங்கைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய நிலைக்கு அவர்கள் வந்து சேர்ந்தனர். அந்த நிலையில் எந்த முடிவும் ஒருவரைப் புண்படுத்தியே தீரும். நால்வரும் நலமாக இருந்த ஒரு மாலையில், ஒரு கோப்பைக் காபி அருந்தும் நேரத்துக்குள் அதே கேள்விக்கு விடை கண்டிருக்க முடியும்.