பறவையின் பெயரில் ஓர் ஊர்!

பூந்தமல்லியில் இருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் தாண்டி, காஞ்சிபுரத்துக்குப் பிரியும் சாலையையும் விட்டுவிட்டு நேரே போனால் பாலுசெட்டி சத்திரம் வரும். அதன் அருகே இருக்கும் சின்ன ஊர், திருப்புட்குழி. 'புள்' என்றால் பறவை. பறவைக்கு ஈமக்கடன் செய்த குழி என்பதுதான் பெயரின் அர்த்தமாம்!

எந்தப் பறவை? நம்ம ஜடாயுதான்.

கம்பர் தம் ராமாயணத்தில் இதற்கென்றே, 'சடாயு உயிர் நீத்த படலம்' என்று ஒரு பகுதி பாடியிருக்கிறார். சீதையை ராவணன் தூக்கிக்கொண்டு போகிறான். தடுக்க ஆளில்லை. வயதான கழுகு ஒன்று பறந்து வந்து வழிமறிக்கிறது. முதலில் புத்திமதி சொல்லிப் பார்க்கிறது. அவன் கேட்டால்தானே! பிறகு சண்டை. வீணைக் கொடி போகிறது, வில் போகிறது. கடைசியில் சிவன் தந்த வாளை எடுத்த பிறகுதான் ராவணனால் ஜடாயுவை வீழ்த்த முடிந்தது. ராமன் வரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்து, நடந்ததைச் சொல்லிவிட்டே கண்மூடியது ஜடாயு. அப்பாவின் நண்பர் அல்லவா? மகன் போல் ராமனே இறுதிக் காரியம் செய்தான். அது இங்கேதான் நடந்தது என்பது ஊர்க்காரர்களின் நம்பிக்கை. விஜயராகவப் பெருமாள் கோவில் குளத்தின் பெயரே ஜடாயு தீர்த்தம். (வைத்தீஸ்வரன் கோவிலிலும் இதே கதையைச் சொல்வார்கள். நல்ல தாத்தா என்றால் நாலு ஊர் சொந்தம் கொண்டாடத்தானே செய்யும்!)

பிலிப்பைன்ஸ் நாட்டுப் பிள்ளைகளும் பள்ளியில் ஒரு பறவைக் கதைப் பாட்டு படிக்கிறார்கள். பெயர் 'இபோங் அடர்னா'. அந்தப் பறவை ஏழு பாட்டுப் பாடும், கேட்பவர் தூங்கிவிடுவார். அதன் எச்சம் மேலே பட்டால் கல்தான்! கடைசி இளவரசன் மட்டும் கையைக் கீறி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, அந்த எரிச்சலில் விழித்திருந்து பிடித்துவிட்டான்.

அது கற்பனைப் பறவை. ஜடாயுவின் இனம் நிஜம். திருக்கழுக்குன்றத்தில் தினமும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டதை உங்கள் தாத்தா, பாட்டி பார்த்திருக்கலாம். இப்போது வருவதில்லை. நாடு முழுக்கவே பிணந்தின்னிக் கழுகுகள் மளமளவென்று செத்தன. காரணம், மாட்டுக்குப் போடும் வலி மருந்து, டைக்ளோஃபினாக்! அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டுப்போனது. 2004-ல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று முதுமலை, சத்தியமங்கலம் காட்டுப் பக்கம் கொஞ்சம் மிச்சம்.

அரியானாவில் பிஞ்சோர் என்ற இடத்தில் கழுகுகளைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். அந்த மையத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா?

ஜடாயு!