தொற்றாத நோய்க்கு அச்சம், தொற்றும் நோய்க்கு அலட்சியம்

புது தில்லி: மதிய வேளையில் டிபன் பாக்ஸைத் திறந்து, நடுவில் வைத்த ஊறுகாயை நால்வரும் பகிர்ந்து உண்பது தலைநகர அலுவலகங்களில் வழக்கம். அந்த நால்வரில் ஒருவரது கையில் வெள்ளைத் திட்டு ஒன்று தோன்றிவிட்டால் வழக்கம் மெல்ல மாறுகிறது. யாரும் வாய்விட்டு எதுவும் சொல்வதில்லை. ஒருவருக்கு அன்று பசி இருக்காது. மற்றொருவருக்கு அவசர வேலை வந்துவிடும். தேநீர்க் கோப்பைகளில் ஒன்று மட்டும் தனியே ஒதுக்கி வைக்கப்படும். சில வாரங்களில் அவர் தாமாகவே தனியாக உண்ணத் தொடங்கியிருப்பார்.

"இது ஒட்டிக்கொள்ளுமா?" என்ற கேள்வியை மருத்துவரிடம் கேட்பவர்கள் குறைவு, பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்பவர்களே அதிகம். பக்கத்து மேஜைக்காரருக்கு எல்லாம் தெரியும் என்பது அரசு அலுவலகங்களின் நீண்டகால நம்பிக்கை.

ஹிந்தியில் "சஃபேத் தாக்" என்று சொல்லப்படும் வெண்புள்ளி தொற்றுநோயே அல்ல. தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுவதால் ஏற்படுவது அது. கிருமி எதுவும் இல்லாதபோது பரவுவதற்கும் எதுவும் இல்லை. தோல் செதில் செதிலாக உதிரும் சோரியாசிஸும் அவ்வாறே. ஆயினும் தமிழில் "வெண்குஷ்டம்" என்ற பழைய பெயர், வெண்புள்ளியின்மீது தொழுநோயின் பழியையும் சேர்த்தே சுமத்தியது.

அந்தத் தொழுநோயைப் பற்றிய அச்சமும் பெரும்பாலும் உண்மைக்குப் புறம்பானது. அது கிருமியால் வருவதுதான். ஆனால், சிகிச்சை பெறாத நோயாளியுடன் நெருங்கி நெடுங்காலம் பழகும்போது, மூக்கு, வாய் வழியாக வெளிப்படும் நுண்துளிகள் மூலமே பரவுகிறது. கைகுலுக்குவதாலோ, அருகில் அமர்வதாலோ, சேர்ந்து உண்பதாலோ பரவுவதில்லை. மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு இயற்கையாகவே அதை எதிர்க்கும் ஆற்றல் உண்டு. கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கிய சிறிது காலத்திலேயே நோயாளியிடமிருந்து பரவுவது நின்றுவிடுகிறது. நோயின் தன்மைக்கேற்ப ஆறு மாதமோ, பன்னிரண்டு மாதமோ மருந்து உட்கொண்டால் முற்றிலும் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்.

வெண்புள்ளிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எளியது. தொழுநோயின் திட்டு பெரும்பாலும் பால்வெள்ளையாக இராது, சற்றே வெளிறியோ சிவந்தோ இருக்கும். பலருக்கு அந்த இடம் மரத்துப்போயிருக்கும். வெண்புள்ளியில் உணர்ச்சி குறைவதில்லை.

இதற்கு நேர்மாறான காட்சியையும் தலைநகரில் காணலாம். "தாத், காஜ், குஜ்லி" என்று ராகம் போட்டுக் களிம்பு விற்பவர்களின் குரல் பேருந்து நிலையங்களில் பழகிப்போன ஒன்று. படர்தாமரையும் சிரங்கும் உண்மையிலேயே தொற்றுபவை. ஓர் அறையில் பலர் தங்கி, படுக்கையையும் துண்டையும் மாறி மாறிப் பயன்படுத்தும் தொழிலாளர் குடியிருப்புகளில் அவை எளிதில் பரவும். ஆனால் அரிப்புக்காரரை யாரும் ஒதுக்குவதில்லை. கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவிக்கொள்ளுமாறு அன்புடன் பரிந்துரைப்பதோடு சரி. ஸ்டீராய்டு கலந்த அத்தகைய களிம்புகள் அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளர விடுகின்றன. மருந்துகளுக்குக் கட்டுப்பட மறுக்கும் பூஞ்சை வகை ஒன்றுக்கு 2020-இல் இந்தியாவின் பெயரையே ஒட்டி "டிரைகோஃபைட்டான் இண்டோட்டினே" என்று பெயர் வைக்கப்பட்டது. பெருமைப்பட ஏதுமில்லாத பெருமை.

தொழுநோய் விஷயத்தில் அண்டை மேஜைக்காரரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. அவருடைய அச்சத்துக்குச் சட்டமே நெடுங்காலம் துணை நின்றது. நோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளிகள் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கோரும் வழி ஹிந்து திருமணச் சட்டம் உள்ளிட்ட குடும்பச் சட்டங்களில் 2019 வரை இருந்தது. தொழுநோயாளிகள் நகராட்சித் தேர்தலில் போட்டியிடக் கூடாது என்ற ஒரிசா சட்டத்தின் விதியை 2008-இல் உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. பத்தாண்டுகள் கழித்து, 2018 செப்டம்பரில், அதே நீதிமன்றம் தொழுநோயாளிகளைத் தனிமைப்படுத்தக் கூடாது, விழிப்புணர்வுப் பிரசாரம் நடத்த வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. இருந்தும் பாகுபாடு காட்டும் விதிகள் 97 சட்டங்களில் இருப்பதாகத் தேசிய மனித உரிமை ஆணையம் 2022-இல் சுட்டிக்காட்டியது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. ஊனத்துடன் வாழும், "தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்" அதன் பட்டியலில் இருக்கிறார். அரசு வேலை இடஒதுக்கீட்டிலும் அவருக்கு இடம் உண்டு. மருந்து உட்கொண்டுவரும் ஊழியர் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. அலுவலகத்தில் பாதுகாப்பு மிகவும் தேவைப்படுபவர் அவர்தான். வெண்புள்ளி உள்ளவரோ பட்டியலிலேயே இல்லை. ஊனம் அல்ல என்பதால் சலுகை இல்லை, ஆனால் ஒதுக்கல் மட்டும் உண்டு.

"குணமடைந்தவர்" என்பதற்குப் பதிலாக "பாதிக்கப்பட்டவர்" என்று எல்லாரையும் உள்ளடக்கி, வேலையிலும் கல்வியிலும் பாகுபாட்டைத் தடுக்கும் வரைவு மசோதா ஒன்றை, நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015 ஏப்ரலில் தனது 256-ஆவது அறிக்கையுடன் அளித்தது. 2017-இல் கே.டி.எஸ். துளசி மாநிலங்களவையில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டும் சட்டமாகவில்லை.

2005 டிசம்பரில் தேசிய அளவில் தொழுநோய் "ஒழிக்கப்பட்டதாக" அரசு அறிவித்தது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்பதே அதன் பொருள். நோயே இல்லை என்று பலர் புரிந்துகொண்டனர். இன்றும் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டறியப்படுகிறது. உலகில் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்களே. 2027-க்குள் பரவலை நிறுத்துவது என்று மத்திய அரசு இலக்கு வைத்துள்ளது.

இந்த இலக்கின் கதி சுகாதார அமைச்சகத்தில் மட்டுமல்ல, அந்த மதிய உணவு மேஜையிலும் முடிவாகிறது. மரத்துப்போன ஒரு திட்டைக் கண்ட ஊழியர் அதை வெளியில் சொன்னால் மேஜையை இழப்பார். சில இடங்களில் வேலையையும் இழப்பார். ஆகவே முழுக்கைச் சட்டை அணிந்து மறைக்கிறார். சிகிச்சை பெறாத அந்த மாதங்களில்தான் அவரிடமிருந்து நோய் மற்றவர்களுக்குப் பரவக்கூடும். விரல்கள் மடங்கத் தொடங்கிய பிறகு மருத்துவமனைக்கு வருபவருக்குக் கிருமியை அழிக்கும் மருந்து கிடைக்கும். சேதமடைந்த நரம்பை அந்த மருந்தால் மீட்க முடியாது.