பிள்ளைக்கா, கிருமிக்கா?

துபாயில் வேலை செய்யும் தம்பி, பிறக்கப்போகும் தன் பிள்ளைக்கென்று ஒரு பால்மா டின் கொண்டுவந்தான். அக்கரப்பத்தனை லயத்து வாசலில் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னா புள்ள, ரெண்டு போட்டு பக்கத்துல ஒரு சின்னக் கோடு?" அம்மா இருபத்தாறு வருஷம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்கும் இடத்தில், ஆயா. நான் விஞ்ஞான டீச்சர். தப்ப வழியில்லை.

அது 2'-ஃபியூகோசில்லக்டோஸ், தாய்ப்பாலில் உள்ள ஒரு சீனி. இந்த வகைச் சீனிகள் தாய்ப்பாலில் சுமார் 200. லீற்றருக்கு 5 முதல் 15 கிராம். அம்பேவலை மாடுகள் எவ்வளவு கறந்தாலும் இது பேருக்குத்தான் இருக்கும். ஆனால் பிள்ளையால் இதைச் செரிக்க முடியாது! குடலில் இருக்கும் பிஃபிடோ பக்டீரியாவுக்கே இது சாப்பாடு.

"அப்ப தாய் செய்யிறது புள்ளைக்கா, கிருமிக்கா?"

"கிருமிக்குத்தாம்மா. நல்ல கிருமி எடத்தப் புடிச்சுக்கிட்டா கெட்டது அண்டாது."

டின்னில் இருக்கும் சீனியைச் செய்வதும் ஒரு கிருமிதான். ஈ.கோலையில் தீங்கில்லாத ஒரு ரகத்தை எடுக்கிறார்கள். லக்டோஸை வெட்டும் அதன் கத்தரிக்கோலை, அதாவது அந்த நொதியத்தின் மரபணுவை, நீக்கிவிட்டு, சீஸ் செய்த பின் மிஞ்சும் பால்நீரிலிருந்து எடுத்த லக்டோஸை ஊட்டுகிறார்கள். கிருமி தன் வழவழப்பான போர்வைக்கென்று ஃபியூகோஸ் என்ற சீனியைச் செய்யும். போர்வை நெய்வதைத் தடுத்தால் அது மிச்சமாகும். இரண்டையும் ஒட்டவைக்கும் மரபணு, வயிற்றுப்புண் கிருமியான ஹெலிகோபக்டரிடமிருந்து வந்தது. நம் உடம்பின் சீனிகளைப் போல வேஷம் போடத்தான் அது அதை வைத்திருக்கிறது. கடைசியில் கிருமியை வடித்து எடுத்துவிட்டு, சீனியை மட்டும் மாவாக உலர்த்துகிறார்கள். 2016இல் அமெரிக்காவில் இது சேர்த்த பால்மா கடைக்கு வந்தது.

தாய்மாரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்தச் சீனி சுரப்பதே இல்லை. அவர்களுடைய பிள்ளைகளும் நன்றாகத்தான் வளர்கின்றன. அதனால் இது இல்லாவிட்டால் ஆகாது என்றில்லை. பால் கொடுக்க முடியாத தாய்க்கு இது உதவட்டும்; ஆனால் டின்னுக்குள் தாய்ப்பாலே வந்துவிட்டது என்றால் நான் நம்பமாட்டேன்.

அம்மாவுக்குப் பழைய ஞாபகம். பால் கொடுக்க நேரம் விடவேண்டும் என்று பிரசவ நலச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் மலையிலிருந்து ஓடிவந்த தாய்மார், கொழுந்து நிறுக்க நேரமாச்சு என்று, பாதியில் பிள்ளையைப் பிடுங்கி அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போவார்களாம், நனைந்த ரவிக்கையோடு.

"தாய்ப்பால்ல இருக்கிற அந்த எரநூறு சீனியில, இந்த டின்னுல எத்தன இருக்கு?"

"ஒண்ணும்மா."

டின்னை ராக்கையில் ஏற்றிவிட்டு, அம்மா மருமகளுக்கு வெந்தயக் கஞ்சி வைக்கப் போனார்.