பள்ளிக்கூடப் பலகையில் யார் பெயர்?

மாட்டுப்பட்டியிலிருந்து மூணாறு, தேவிகுளம், பூப்பாறை வழியாகப் போடிமெட்டில் இறங்கினால் தேனி மாவட்டம். அங்கிருந்து உசிலம்பட்டி போகும் வரை பல ஊர்களில் ‘அரசு கள்ளர் மேல்நிலைப் பள்ளி’, ‘அரசு கள்ளர் தொடக்கப் பள்ளி’ என்ற பலகைகளைக் காணலாம். நம் சங்கக் குடும்பங்கள் பலவும் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் போய்வரும் பாதைதான் அது. கேரளத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் அதைப் பார்த்து, ‘பள்ளிக்கூடத்துக்கு ஏன் இப்படி ஒரு பெயர்?’ என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆங்கில அரசு 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. திருடியவனைத் தண்டிப்பது எல்லா நாட்டிலும் உண்டு. இந்தச் சட்டமோ ஒரு குலத்தில் பிறந்த குழந்தையையே குற்றவாளி என்று பதிந்துகொண்டது. குலத்தொழில் போலக் குற்றமும் சாதிவழியாகத் தலைமுறை தலைமுறையாக வரும் என்ற ஆங்கில அதிகாரிகளின் எண்ணம்தான் அதன் வேர். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர்கள் கைரேகை வைக்க வேண்டும். இரவில் குறித்த இடத்தில் வந்து படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் போலீசார் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் மாண்டனர். அதன்பிறகுதான், ‘இவர்களைத் திருத்த வேண்டும்’ என்று கள்ளர் சீரமைப்புத் திட்டம் வேகம் பிடித்தது. அதன் பிள்ளைகளே இந்தப் பள்ளிகள். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் போயிற்று. 1952இல் நாடு முழுவதும் போயிற்று. பள்ளிகள் மட்டும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நிலைத்தன.

நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவர் ஒருவர் உடன் படித்தவர்களாலேயே சாதியின் பெயரால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூன் 18இல் தந்த அறிக்கையில், அரசுப் பள்ளிகளின் பெயரில் ‘கள்ளர் சீரமைப்பு’, ‘ஆதிதிராவிடர் நலம்’ போன்ற சொற்கள் வேண்டாம், ‘அரசுப் பள்ளி’ என்றாலே போதும் என்று அவர் பரிந்துரைத்தார். ஒரு தற்செயல் பாருங்கள். அதே நாளில் கேரளத்தில், ஆலத்தூர் தொகுதியில் வென்று அமைச்சர் பதவியை விட்டுப் புறப்பட்ட கே. இராதாகிருஷ்ணன், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குடியிருப்புகளை இனிக் ‘காலனி’ என்று அழைக்கக்கூடாது என்று ஆணையிட்டுச் சென்றார். மலைக்கு இருபுறமும் ஒரே நாளில் பலகையைப் பற்றிய பேச்சு!

நல்லது என்று பலரும் கைதட்டினார்கள். ஆனால் கள்ளர் அமைப்புகள் எதிர்த்தன. இழிவுபடுத்தப்பட்டவர்களே அந்தப் பெயரை விட மாட்டோம் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். வேடிக்கை இல்லை. இதை அளக்க ஒரு முழக்கோல் வேண்டும். அமெரிக்காவில் ஒரு கல்விக்கூடம் அப்படியொரு முழக்கோலைச் செய்து பார்த்தது. அதன் பெயருக்கும் நம் சென்னைக் கோட்டைக்கும் உறவு உண்டு.

யேல் பல்கலைக்கழகத்தில் கால்ஹூன் என்பவர் பெயரில் ஒரு கல்லூரி இருந்தது. அவர் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர். அடிமை முறை தீமையல்ல, நன்மையே என்று 1837இல் செனட் சபையில் வாதாடியவர். 1930களின் தொடக்கத்தில் அவர் பெயரைச் சூட்டினார்கள். 2016 ஏப்ரலில், ‘வரலாற்றை அழிக்கக்கூடாது, பெயர் இருக்கட்டும்’ என்று நிர்வாகம் முடிவு சொன்னது. சில வாரங்களில் அங்கே உணவுக்கூடத்தில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளி ஒருவர், அடிமைகள் பஞ்சு சுமக்கும் படம் தீட்டிய சன்னல் கண்ணாடியைத் துடைப்பக் கட்டையால் உடைத்தார். தினமும் அதன் கீழே பரிமாறியவர் அவர்தானே. பிறகு ஒரு குழு அமைந்து சில கேள்விகளை வகுத்தது. அந்த மனிதர் விட்டுச் சென்றவற்றுள் தலையாயது எது? அவர் காலத்திலேயே அதை எதிர்த்தவர்கள் இருந்தார்களா? எந்தக் காரணத்துக்காகப் பெயர் வைத்தார்கள்? அந்தக் கட்டடம் மாணவரின் வாழ்வில் எவ்வளவு நெருக்கமானது? இப்படி அளந்தபோது கால்ஹூன் தேறவில்லை. 2017 பிப்ரவரியில் பெயர் மாறிற்று. கணினித்துறை முன்னோடி கிரேஸ் ஹாப்பர் பெயர் வந்தது.

சரி, யேல் என்ற பெயர்? எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். அவர் ஆட்சியில் கோட்டையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டனர். கம்பெனிப் பதவியில் இருந்துகொண்டே சொந்த வியாபாரம் பெருக்கியவர் என்ற புகாரில் பதவி போனவர். 1718இல் அவர் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கை விற்றுச் சுமார் 562 பவுன் வந்தது. அதற்கு நன்றியாகவே கல்லூரி அவர் பெயரை ஏற்றது. பொதிகளில் காலிகோவும் மஸ்லினும் இருந்தன. துணிப் பெயர்களைப் பார்த்ததும் நம் நெசவாளிகளின் நினைவு வந்தது. 2024 பிப்ரவரியில் பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக மன்னிப்புக் கேட்டது, பெயரை மாற்றவில்லை. பெயர் ஆளை விட்டு எப்போதோ பிரிந்து, கடைப்பெயர் போல ஆகிவிட்டது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் இருக்கலாம்.

நாமும் இதை ஒருமுறை செய்திருக்கிறோம். 1857இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடுமை செய்த நீல் துரையின் சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927இல் அதை அகற்றப் போராடித் தொண்டர்கள் சிறை போனார்கள். 1937இல் இராஜாஜி அமைச்சரவை அதை எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பிற்று. உடைக்கவும் இல்லை, தெருவில் வைத்துக் கும்பிடவும் இல்லை.

கால்ஹூனும் நீலும் தீங்கு செய்தவர்கள். அந்தப் பெயர் அவர்களுக்கு மாலை. கள்ளர் பள்ளிப் பெயரோ தீங்கு பட்டவர்களின் தழும்பு. இரண்டையும் ஒரே தராசில் போடக்கூடாது. மேலும், அந்தப் பெயரில் எந்தச் சொல் குற்றமுள்ளது? ‘கள்ளர்’ என்பது அவர்கள் தாமே தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளும் குலப்பெயர். ‘சீரமைப்பு’தான் துரை வைத்தது. ‘நீ கெட்டவன், உன்னை நான் திருத்துகிறேன்’ என்பது அதன் பொருள். இன்னொன்று, ஊர்க்காரர்கள் கொடுத்த நிலத்தில் எழுந்த பள்ளிகள் அவற்றில் பல. தனித் துறை, தனி விடுதிகள் எல்லாம் அந்தப் பெயரைப் பிடித்துத் தொங்குகின்றன. 2023 பட்ஜெட்டில் இத்தகைய பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்ப்பதாக அறிவித்தபோதே அச்சம் தொடங்கிவிட்டது. பலகை மாறும்போது கணக்குப் புத்தகமும் கைமாறுமோ என்று பயப்படுபவனை, வியாபாரியாகிய நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனாலும் மறுபக்கம் இருக்கிறது. இன்று அங்கே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். வேறு சாதிப் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழில் ஏன் ஒரு சாதிப்பெயர்? ‘ஆதிதிராவிடர் நலப் பள்ளி’ என்று சான்றிதழைக் கண்டதும் வேலை தருபவர் முகம் மாறுவதை யார் ஈடுசெய்வது? நீதிபதியின் கவலை நியாயமானது.

பள்ளி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சமண முனிவர் தங்கிய இடம் பள்ளி. அங்கே பிள்ளைகளுக்குக் கற்பித்ததால் பள்ளிக்கூடம் வந்தது என்பர். கேரளத்தில் மசூதியும் பள்ளி, மாதாகோயிலும் பள்ளி. சமணன் என்ற முறையில் எனக்கு அதில் மனவருத்தம் இல்லை. அந்தச் சொல்லை யாரும் எங்களிடமிருந்து பிடுங்கவில்லை, தானாகப் பரவிற்று. அதே ‘அமணர்’ பெயரிலிருந்து ‘அம்மணம்’ என்ற ஏளனச் சொல்லும் வந்தது என்று சொல்வோர் உண்டு. அதைக் கேட்கும்போது மட்டும் மனம் சுருங்கும். ஆகவே பட்டவனைக் கேட்காமல் பெயரைத் தொடக்கூடாது என்கிறேன். கேரள ஆணை ‘காலனி’யோடு ‘ஊர்’ என்பதையும் தள்ளியதில் எனக்கு உடன்பாடில்லை. அது வெளியார் ஒட்டிய பெயரில்லை. நம் பக்கத்து முதுவர்கள் தம் ஊரைக் குடி என்பார்கள். 2010இல் இடமலைக்குடி தனிப் பஞ்சாயத்தானபோது அவர்கள் சொல்லே நிலைத்தது.

கள்ளர் பள்ளிகளுக்கு என் யோசனை இதுதான். நிலம், விடுதி, ஆசிரியர் பணியிடம் ஆகியவற்றுக்கு முதலில் அரசாணையில் உறுதி கொடுக்கட்டும். ‘சீரமைப்பு’ உடனே போகட்டும். சான்றிதழில் ‘அரசுப் பள்ளி’ என்று வரட்டும். பள்ளி வளாகத்தில் 1871, 1911, 1920, 1947 ஆகிய ஆண்டுகளைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று நிற்கட்டும். அதில் என்ன எழுதுவது என்பதை அந்தந்த ஊர்ப் பெரியவர்களே எழுதித் தரட்டும். அரசு கல்லுக்கும் தச்சன் கூலிக்கும் பணம் கொடுத்தால் போதும்.