பெரும்பாணாற்றுப்படையில் உழவர் மனையமைப்பு

உழவர் தம் மனையை எங்ஙனம் வகுத்துக்கொண்டனர் என்பதை விளக்கும் தனிநூல் ஒன்றும் சங்ககாலத்திலிருந்து நமக்குக் கிடைத்திலது. பிற்கால மனையடி நூல்களோ பெரும்பாலும் நீள அகலங்களின் நன்மை தீமை கூறி அமைவன. உழுதொழிலுக்கு ஏற்ற இடவகுப்பை அவற்றுள் தேடிப் பயனில்லை. ஆதலின், செய்யுட்களுள் ஆங்காங்குக் காணப்படும் மனைக்காட்சிகளே நமக்குச் சான்றாகின்றன. அவற்றுள் தலையாயது, கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை. பாணன் செல்லும் வழியில் எதிர்ப்படும் ஆயர் மனை, வன்புல உழவர் மனை, மருதநில உழவர் மனை ஆகிய மூன்றையும் புலவர் அடுத்தடுத்துக் காட்டுகின்றார். இவற்றை உவமை நயத்திற்காகவே நாம் பயிற்றி வருகின்றோம். தொழிலிடத்தின் அமைப்பாக நோக்கினும் இவை பெரிதும் பயன்படும்.

ஆயர் மனையின் நடுவிடம் ஆட்டுப்பட்டியே எனலாம். வளைத்திட்ட முள்வேலி, உள்ளே எருப் படிந்த நிலம், முன்றிலில் நெடுங்கயிறு பிணித்த குறுந்தறிகள், கழிகளைச் செறித்துக் கட்டிய கதவு, தோற்பாயிற் காவலாகத் துஞ்சும் ஒருவன் என இவ்வளவே அங்குள்ளன. உடைமை உயிருடையதாதலின் காவலே மனையை வகுத்தது.

வன்புல உழவர் மனையிலோ முன்றில் வேறு கோலம் கொள்கின்றது. பிடியானைக் கூட்டம் போன்று குதிர்கள் அங்கே நிற்கின்றன. யானையின் காலை ஒத்த திரிமரம் பந்தரின் கீழ் உள்ளது. கொட்டிலின் சுவரில் சிறு வண்டியின் உருளையும் கலப்பையும் சார்த்தப்பட்டுள்ளன. கூரை வரகுவைக்கோலால் வேயப்பட்டது. குதிரும் திரிமரமும் அண்மையில் அமைந்ததற்குக் காரணம் வரகின் இயல்பிலேயே உளது. உமியுடன் நெடுநாள் கெடாதிருப்பது வரகு; அதன் உமியோ கடியது, திரித்து நீக்கினாலன்றி உலையில் இடலாகாது. எனவே சேமிப்பது குதிரில், வேண்டும்போது எடுத்துத் திரிப்பது அதன் அருகிற் பந்தரில். கூலத்தைச் சுமந்து நடக்கும் தொலைவு மிகவும் குறைகின்றது.

இவ்வமைப்புப் புலவரின் கற்பனையே எனச் சிலர் கருதலாம். அவர்கள் கொட்டிலின் சுவரை நோக்குக. அச்சுவர் தேய்ந்துள்ளது என்கின்றார் புலவர். உருளையையும் கலப்பையையும் நாள்தோறும் ஒரே இடத்திற் சார்த்தி எடுத்தாலன்றிச் சுவர் அவ்வாறு தேயாது. மனையைப் புகழ எண்ணிய ஒருவர் தேய்ந்த சுவரைப் புனைந்து கூறுதல் அரிது, கண்டவரே கூறுவர். கொட்டிலைச் சூழ்ந்த புகையும் அவ்வாறே கண்டு கூறியதாகலாம். அது கலப்பை மரத்தைப் புழுவரியாமற் காத்தது போலும் என்பது என் கருத்து. பாட்டு அதனை வெளிப்படக் கூறவில்லை.

மருதத்தில் நெல் மிகுதலின் தொழில் மனையை விட்டுப் பெயர்கின்றது. ஓங்கிய மருதமர நிழலில் அகன்ற களம். அங்கே சூடு ஏற்றிக் கடாவிட்டு, வைக்கோலும் துரும்பும் நீக்கி, மேல்காற்றில் தூற்றிக் குவிக்கின்றனர். தூற்றுதற்குத் தடையற்ற காற்று வேண்டும். துகளும் மிகப் பறக்கும். ஆதலின் களம் தனியே அமைதல் இயல்பு. மனையில் எஞ்சுவன, தறியிற் கட்டிய கன்றுகளும், ஏணிக்கும் எட்டாது உயர்ந்து உச்சியில் வாய் திறந்த பழநெற் கூடுகளும். ஆங்கே சிறுவர் நடைத்தேர் உருட்டி விளையாடிச் செவிலியிடம் பாலுண்டு உறங்குகின்றனர். திரிமரமும் கலப்பையும் முன்வந்து நின்ற வன்புல மனையில் இத்தகைய காட்சி இல்லாமை கருதத்தக்கது.

‘முன்றில்’ என்ற சொல்லை நம் மாணவர் ‘இல்முன்’ என்பதன் இலக்கணப்போலியாகவே அறிவர். அச்சொல் ஆயர்க்குத் தறி நடும் நிலம், வன்புல உழவர்க்குக் குதிரும் திரிமரமும் நிற்கும் இடம். கொங்குநாட்டார் கால்நடை கட்டும் இடத்தைக் ‘கட்டுத்தரை’ என்பர். இத்தகைய வட்டாரச் சொற்களை அவை குறிக்கும் இடத்தின் அளவோடும் திசையோடும் தொகுத்து வைத்தால், முன்றில், கொட்டில், படப்பை முதலியவற்றுக்கு உரையாசிரியர் தரும் பொருளைத் தரையில் வைத்து ஒப்பிட இயலும். உழவுமாடும் குதிரும் அருகிவரும் இந்நாளில் அத்தொகுப்பை மூத்த உழவரிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.