காய்ச்சலோடு கல்லாவில் உட்காராதீர்கள்!



நமக்கு ஞாயிற்றுக்கிழமை கூட அரை நாள் விடுமுறைதான். உடம்புக்கு முடியவில்லை என்று கடையைச் சாத்தினால் வாடிக்கை எதிர்க்கடைக்குப் போய்விடுமே என்ற கவலை சிறு வியாபாரி முதல் மொத்த வியாபாரி வரை எல்லோருக்கும் உண்டு. ஆகவே காய்ச்சல் வந்தால் மருந்துக் கடையில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்து விடுகிறோம். சாதாரணச் சளிக் காய்ச்சலுக்கு இது செல்லும். இன்புளுயன்சாவுக்குச் செல்லாது. பன்றிக் காய்ச்சல் என்று நாம் சொல்வதும் அதில் ஒரு வகைதான். இதில் நமக்கும் ஆபத்து, கல்லாவுக்கு எதிரே நிற்கும் வாடிக்கையாளருக்கும் ஆபத்து.

நான் டாக்டர் அல்ல. பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவன். டாக்டர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டவற்றை நம் வியாபாரிகளுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

சளி வேறு, இன்புளுயன்சா வேறு

சாதாரணச் சளி மெல்ல மெல்ல வரும். மூக்கு ஒழுகும், தும்மல் வரும், நாலு நாளில் போய்விடும். இன்புளுயன்சா அப்படியல்ல. காலையில் கடை திறந்தவர் மாலையில் படுத்துவிடுவார். திடீரென்று கடுங்காய்ச்சல், குளிர், தலைவலி, அடித்துப் போட்டாற்போல் உடம்பு வலி, வறட்டு இருமல், தொண்டை வலி எல்லாம் சேர்ந்து வரும். குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கூட வரலாம். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டுவிடும். இருமலும் அசதியும் இன்னும் சில நாள் நீடிக்கும்.

கிருமி உடம்பில் புகுந்த ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் நோய் தலைகாட்டும். நோய் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அவர் பிறருக்குப் பரப்ப ஆரம்பித்துவிடுவார். அதன் பிறகும் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்புவார்.

பன்றிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பன்றியின் உடம்பில் பன்றியின் கிருமி, பறவையின் கிருமி, மனிதனின் கிருமி மூன்றும் ஒரே நேரத்தில் தங்க முடியும். தங்கும்போது ஒன்றோடொன்று கலந்து புதுக் கிருமி பிறக்கிறது. 2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் கண்டுபிடிக்கப்பட்ட எச்1என்1 அப்படிப் பிறந்த புதுச் சரக்கு. அதே ஆண்டு ஜூன் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் இதை உலகளாவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. இந்தியாவில் மே மாதம் ஐதராபாத்தில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். ஆகஸ்டில் புனேயில் ஒரு பள்ளி மாணவி இறந்தார். அதுதான் நம் நாட்டின் முதல் பலி.

2010 ஆகஸ்டில் கொள்ளைநோய் முடிந்தது என்று அறிவித்தார்கள். ஆனால் கிருமி போகவில்லை. ஆண்டுதோறும் வரும் சாதாரண இன்புளுயன்சாக்களில் ஒன்றாக அதுவும் சேர்ந்துகொண்டது. 2015இல் மட்டும் நம் நாட்டில் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இது உறுதி செய்யப்பட்டு, ஏறக்குறைய 3 ஆயிரம் பேர் இறந்தனர். பெயர் பன்றிக் காய்ச்சல் என்றாலும் பரவுவது மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான். நன்றாக வேகவைத்த பன்றி இறைச்சியைச் சாப்பிடுவதால் இந்த நோய் வருவதில்லை.

நம் ஊருக்கு இது புதிதல்ல

1918இல் வந்த இன்புளுயன்சா இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனதாகக் கணக்கிடுகிறார்கள். அது பம்பாய்த் துறைமுகம் வழியாக வந்தது. 1957இல் ஆசியக் காய்ச்சல் என்ற புது வகை வந்தபோது, அது இந்தியாவில் காலடி வைத்தது நம் சென்னைத் துறைமுகத்தில்தான். சிங்கப்பூரிலிருந்து மே மாதம் வந்த கப்பலின் பயணிகளிடம் அது காணப்பட்டது. சரக்கு வரும் வழியில்தான் நோயும் வருகிறது என்பதற்கு இவை சான்று. துறைமுகம், லாரி செட், சந்தை, கடைவீதி எல்லாம் நம் பிழைப்பு நடக்கும் இடங்கள். ஆகவே முதலில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்களும் நாம்தான்.

அன்னாசிப்பூவும் மாத்திரையும்

இந்த நோய்க்கு முக்கியமான மருந்தின் பெயர் ஓசெல்டாமிவிர். டாமிஃப்ளூ என்ற பெயரில் 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த மருந்தின் மூலப்பொருள் நம் கடைகளில் பட்டை, கிராம்போடு பக்கத்து டப்பாவில் இருக்கும் அன்னாசிப்பூ என்பது பலருக்குத் தெரியாது. அதிலிருந்து ஷிகிமிக் அமிலத்தைப் பிரித்து எடுத்து, பல கட்டங்கள் கடந்து மருந்தாக்குகிறார்கள். அன்னாசிப்பூ பெரும்பாலும் சீனாவின் குவாங்சியிலும் வியட்நாமிலும் விளைகிறது. 2005இல் பறவைக் காய்ச்சல் பீதியால் பல அரசாங்கங்கள் இந்த மருந்தை வாங்கி இருப்பு வைத்தபோது அன்னாசிப்பூவின் விலை ஏறியது. பிறகு நுண்ணுயிரைக் கொண்டு ஷிகிமிக் அமிலத்தைத் தயாரிக்கும் முறையும் வந்துவிட்டது.

இதை எழுதுவதால் யாரும் அன்னாசிப்பூவைக் கஷாயம் போட்டுக் குடிக்க வேண்டாம். வாடிக்கையாளருக்கும் அப்படிச் சொல்லி விற்க வேண்டாம். இரும்புத்தாது லாரி ஆகிவிடாது. அதுபோல அன்னாசிப்பூ மாத்திரை ஆகிவிடாது.

மருந்து வேலை செய்யும் விதம்

எச்1என்1 என்பது நம் சிப்பத்தின் மேல் போடும் மார்க் மாதிரி. எச் என்பது கிருமியின் மேலிருக்கும் ஒரு புரதம். நம் உடம்பின் அணுவுக்குள் நுழைய அதுதான் சாவி. உள்ளே போன கிருமி தன்னைப் போல ஆயிரக்கணக்கில் பெருக்குகிறது. பெருகியவை வெளியே வந்து அடுத்த அணுவைப் பிடிக்க வேண்டுமென்றால், ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து அறுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அதற்கான கத்தரிக்கோல்தான் என். ஓசெல்டாமிவிர் அந்தக் கத்தரிக்கோலை முடக்கிவிடுகிறது. லோடு ஏற்றிய லாரி குடோன் வாசலிலேயே நின்றுவிடுவது போல், கிருமி வெளியேற முடியாமல் தேங்கிவிடும்.

இதிலிருந்தே ஒன்று புரியும். லாரிகள் ஊரெல்லாம் போன பிறகு குடோனைப் பூட்டிப் பெரிய பயனில்லை. நோய் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் மருந்தை ஆரம்பித்தால்தான் முழுப் பலன். ஆனால் நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கு இரண்டு நாள் கடந்துவிட்டாலும் டாக்டர்கள் கொடுப்பார்கள். அதிலும் பயன் உண்டு.

பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம் காப்ஸ்யூல், காலை ஒன்று மாலை ஒன்று, ஐந்து நாட்கள் என்பது வழக்கமான அளவு. குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் குறைப்பார்கள். குமட்டலும் வாந்தியும் வரலாம். சாப்பாட்டோடு எடுத்துக்கொண்டால் குறையும். காய்ச்சல் விட்டது என்று இரண்டாம் நாளே நிறுத்திவிடக் கூடாது. டாக்டர் சீட்டு இல்லாமல் இதை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

வேறு மருந்துகளும் உண்டு. சனாமிவிர் என்பது வாயால் உறிஞ்சும் பொடி, ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. பெராமிவிர் நரம்பு வழியாக ஏற்றுவது. பாலாக்சாவிர் என்பது ஒரே வேளை மாத்திரை. 2018இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அமான்டடின் என்ற பழைய மருந்தைக் கிருமி பழகிக்கொண்டதால் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஆன்டிபயாடிக் மாத்திரைகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும். அதை நம்பி டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சரக்கைப் போலத் தரம் பிரியுங்கள்

எல்லோருக்கும் இந்த மருந்து தேவையில்லை. மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை மூன்றாகப் பிரித்திருக்கிறது.

முதல் தரம்: லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி. பரிசோதனையும் வேண்டாம், ஓசெல்டாமிவிரும் வேண்டாம். வீட்டில் ஓய்வு, நிறைய நீராகாரம். ஓரிரு நாளில் மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாம் தரம்: கடுங்காய்ச்சலும் கடுமையான தொண்டை வலியும் உள்ளவர்கள். லேசான காய்ச்சல்தான் என்றாலும் கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், 65 வயது தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இருதயம், சிறுநீரக நோய் உள்ளவர்களும் இதில் சேர்வார்கள். இவர்களுக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே டாக்டர் மருந்தைத் தொடங்கலாம்.

மூன்றாம் தரம்: மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலம் பாய்தல். குழந்தை என்றால் சோர்ந்து கிடப்பது, பால் குடிக்காதது. இவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது.

கல்லாவில் உட்கார்ந்தே காலம் கழிக்கும் நம்மில் பலருக்குச் சர்க்கரை இருக்கிறது. ஆகவே நமக்குக் காய்ச்சல் வந்தால் அது இரண்டாம் தரம் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். 2015இல் எங்கள் பஜாரில் ஒரு பலசரக்கு வியாபாரி, ஐம்பது வயதைத் தாண்டியவர், பல வருஷமாகச் சர்க்கரை உள்ளவர், காய்ச்சலோடு ஐந்து நாள் கடைக்கு வந்தார். வசூல் நேரம், படுத்தால் பாக்கி நிற்கும் என்றார். ஆறாம் நாள் மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பாக்கியைப் பிறகு மகன் வசூலித்தான். அப்பாவை வசூலிக்க முடியவில்லை.

கடையில் செய்ய வேண்டியவை

1. எச்சில் தொட்டு நோட்டு எண்ணுவதை இன்றோடு நிறுத்துங்கள். இந்தக் கிருமி ரூபாய் நோட்டில் மூன்று நாள் வரையிலும், சளியோடு ஒட்டியிருந்தால் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடிருக்கும் என்று சுவிட்சர்லாந்து நாட்டு நோட்டுகளை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. ஈரப் பஞ்சு டப்பா ஒன்று கல்லாவில் இருக்கட்டும்.

2. பொட்டலம் கட்டும் பையன்கள் பையைப் பிரிக்க வாயால் ஊதுவதும், விரலில் எச்சில் தொடுவதும் கூடாது.

3. தராசுத் தட்டு, கல்லாப் பெட்டி, தொலைபேசி, ஷட்டர் கைப்பிடி ஆகியவற்றைத் தினமும் துடையுங்கள். கடையில் சோப்பும் தண்ணீரும் வையுங்கள். சாப்பிடும் முன் எல்லோரும் கை கழுவ வேண்டும்.

4. இருமல் உள்ளவர் முகக்கவசம் அணியட்டும். இல்லையென்றால் கைக்குட்டையிலோ முழங்கை மடிப்பிலோ இருமட்டும்.

5. கடைப்பையனுக்கோ, மூட்டை தூக்குபவருக்கோ காய்ச்சல் என்றால் சம்பளத்தைப் பிடிக்காமல் வீட்டுக்கு அனுப்புங்கள். மாத்திரையின் தயவில்லாமல் காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆன பிறகு வரட்டும். ஒரு ஆளின் நாலு நாள் கூலி மிச்சம் என்று பார்த்தால், சீசனில் மொத்தக் கடையும் படுத்துவிடும்.

6. கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை வைத்து விற்காதீர்கள். உரிமம் இல்லாமல் விற்பது சட்டப்படி குற்றம். அது வாடிக்கையாளரின் பொன்னான இரண்டு நாளையும் வீணாக்கிவிடும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

கிருமி அடிக்கடி உருமாறுவதால் இந்த நோய்க்கான தடுப்பூசியை ஆண்டுக்கொரு முறை போட்டுக்கொள்ள வேண்டும். போட்ட பிறகு பலன் கிடைக்க இரண்டு வாரம் ஆகும். நம் பகுதியில் மழைக்காலத்தில்தான் இந்த நோய் அதிகம் தலைதூக்குகிறது. தீபாவளி வியாபாரமும் அதே சமயம்தான். ஆகவே சரக்கு இறக்கத் திட்டமிடும்போதே, மழைக்கு முன்பாக, சங்கத்தின் சார்பில் ஒரு தடுப்பூசி முகாம் நடத்த நிர்வாகிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். வயதான உறுப்பினர்கள், சர்க்கரை உள்ளவர்கள், சுமைதூக்கும் தொழிலாளர்கள் இவர்களுக்கு முதலிடம் தரலாம்.

ஆலோசனைக்கு 104, ஆம்புலன்சுக்கு 108. இந்த இரண்டு எண்களையும் மொத்த வியாபாரியின் எண்ணுக்குப் பக்கத்தில் கல்லாவின் மேல் எழுதி ஒட்டுங்கள். இரண்டு நாள் கடையை மூடினால் போன வியாபாரத்தை அடுத்த வாரம் பிடித்துவிடலாம். முதல் போய்விட்டால் எந்த வியாபாரியும் எழுந்திருக்க முடியாது. நம் முதல் நம் உடம்புதான்.